லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி... (த்ரெட்)

டாக்டர் எதுக்கு கேம் பத்திப் பேசுறார்னு கேப்பீங்க. படிங்க, சுகரும் வருது.

நெல்லிவாசல்நாட்டுல இருந்து சுகருக்கு என்கிட்ட வர்ற ஒரு விவசாயி போன மாசம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், பையன் புது லேப்டாப் கேக்குறான். சாமை வித்த காசு பத்தாது. வட்டிக்கு வாங்கலாமா?"

பையனும் கூடவே நின்னான். அவன்கிட்ட இருக்கிறது அக்காவுக்கு அரசு கொடுத்தது. 2011-ல தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டம், விண்டோஸோட சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, அது. இவன் விண்டோஸ் வைரஸ்ல போய், லினக்ஸ் மட்டும் மிச்சம்.

"சூப்பர்டக்ஸ்கார்ட் எனக்கு 24 எஃப்பிஎஸ் சார். திருப்பத்தூர் ஃப்ரெண்டுக்கு அதே மாடல்ல, விண்டோஸ்ல 43." (எஃப்பிஎஸ்னா திரையில நொடிக்கு எத்தனை படம்னு கணக்கு.)

எப்படிப்பா அளந்தேன்னு கேட்டேன். இவன் அளந்தது கரண்ட் போன நேரம், பேட்டரியில. பேட்டரியில இருந்தா லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைச்சுக்கும். ஃப்ரெண்ட் சார்ஜர் போட்டு, கிராஃபிக்ஸைக் குறைச்சு வெச்சு ஆடியிருக்கான். ரெண்டு பேரும் பார்த்தது ஒரே ஒரு தடவை!

மலையேறி மூச்சு வாங்க வந்தவருக்கு உடனே பிபி பார்த்து மாத்திரை எழுதலாமா? 5 நிமிஷம் உட்கார வெச்சு, ரெண்டு தடவை பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அதேதான். சார்ஜர், ரெசல்யூஷன், டிராக் எல்லாம் ஒண்ணா இருக்கணும். விசிங்க் ஆன்ல இருந்தா திரையோட வேகத்துக்கு மேல எண் ஏறாது, அதை அணைக்கணும். முதல் ஓட்டத்துல ஷேடர் தயாராகும்போது திணறும், அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. சூடு இன்னொண்ணு. மே மாச திருப்பத்தூரும் மலைமேல விடியக்காலையும் ஒண்ணா? சூடேறினா ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

இனி முக்கியமான விஷயம், சராசரி.

ஒரு நொடியில 59 ஃப்ரேம் தலா 10 மில்லிசெகண்ட்ல வருது, கடைசி ஃப்ரேம் மட்டும் 410 எடுக்குது. சராசரி 60 எஃப்பிஎஸ், பிரமாதம். ஆனா நடுவுல கிட்டத்தட்ட அரை நொடி கேம் உறைஞ்சு போச்சு. அதனாலதான் '1% லோ', அதாவது ரொம்ப மெதுவான 1% ஃப்ரேமோட வேகத்தையும் பார்க்கணும். லினக்ஸ்ல மேங்கோஹட் போட்டா ஃப்ரேம் டைம் கோடே திரையில தெரியும்.

அவன் அப்பாவோட ஹெச்பிஏ1சி 6.8. மூணு மாச சராசரி அழகா இருக்கு. ஆனா விடியக்காலை கொல்லையில ரெண்டு தடவை வேர்த்து விழுந்திருக்கார். அப்போ சுகர் 58. சராசரியை மட்டும் பார்த்திருந்தா அதே மாத்திரையைத் தொடர்ந்திருப்பேன். இதைச் சொன்னதும் பையனுக்குப் பட்டுனு புரிஞ்சுது.

அடுத்த ஞாயிறு ரெண்டு லேப்டாப்பையும் ஒரே மேஜையில வெச்சாங்க. இவன் ஃபேன்ல அடுப்புப் புகையும் தூசியும் அடை மாதிரி இருந்துச்சாம், முதல்ல அதைத் துடைச்சாங்க. ஃப்ரெண்டுக்கு 37, இவனுக்கு 35. ஆனா இவன் 1% லோ வெறும் 9! பின்னாடி பிரவுசர் திறந்தே கிடக்கு, ரேம் நிறைஞ்சு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகுது. மூடினதும் திணறல் நின்னுச்சு.

வேலரண்ட் மாதிரி சில ஆன்லைன் கேம் லினக்ஸ்ல ஓடாது, உண்மைதான். புது பெரிய கேம் எதுவும் இந்தப் பழைய லேப்டாப்ல எந்த ஓஎஸ் போட்டாலும் ஓடாது. ஆனா 2022-ல வந்த ஸ்டீம் டெக்கே லினக்ஸ்லதான் ஓடுது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

நேத்து அவர் போன் பண்ணார். "ரேம் மட்டும் ஒண்ணு வாங்கினா போதும்னு பையன் சொல்றான், சரியா சார்?"

சரின்னேன். காலையில சாப்பிட்டுட்டுத்தானே கொல்லைக்குப் போறீங்கன்னும் கேட்டேன்.