அமினோ பவுடரும் பத்து முட்டையும்

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. ஆனா இன்னிக்கு இதை எழுதலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்.

ஜிம்முல பசங்க நீலக் கலர்லயும் ரோஸ் கலர்லயும் ஒரு தண்ணியைக் குலுக்கிக் குலுக்கிக் குடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பி.சி.ஏ.ஏ.ன்னு பேரு. லூசின், ஐசோலூசின், வேலின்னு மூணு அமினோ அமிலம் கலந்த பவுடர். இதைக் குடிச்சா பலம் கூடும், சதை ஏறும்னு டப்பாவிலேயே போட்டிருக்கும். கூடாதுங்கிறது என் கட்சி. ஒழுங்கா சாப்பிடுறவனுக்கு இது தேவையே இல்ல. சாப்பாட்டைக் குறைச்சுட்டு இதைக் குடிக்கிறவனுக்கு நஷ்டம்தான்.

ரெண்டாவது ரகத்துல ஒருத்தனைத் தெரியும், அதனாலதான் இவ்ளோ கடுப்பு. எங்க ஜிம்முக்கு வர்ற தம்பி, மொபைல் கடையில வேலை. சம்பளம் 16 ஆயிரம், அதுல 6 ஆயிரம் ஊருக்கு அனுப்புறான். மிச்சத்துல ரூம் வாடகை, மெஸ். இதுக்கு நடுவுல மாசம் 2,100 ரூபாய்க்கு டப்பா வாங்குறான். எப்படிடா கட்டுப்படியாகுதுன்னு கேட்டா, "நைட்டு மெஸ் சாப்பாட்டை நிறுத்திட்டேண்ணே, டீயும் பன்னும் போதும்"கிறான். சாப்பாட்டுப் புரதம் மெதுவாத்தான் சேரும், இது நேரா தசைக்கே போயிடும்னு மாஸ்டர் சொன்னாராம். மாஸ்டர்தான் டப்பாவும் விக்கிறார்ங்கிறதை நான் தனியா சொல்லணுமா என்ன :-)

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம உடம்புப் புரதத்துல இருக்குற அமினோ அமிலங்கள் 20. அதுல 9 உடம்பால தயாரிக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். தசை கட்டுறதுக்கு இந்த ஒன்பதும் ஒண்ணா இருக்கணும். லூசினுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வேலை உண்டு: 'கட்ட ஆரம்பி'ன்னு தசைக்கு சிக்னல் குடுக்கிறது அதுதான். கட்டட வேலையில மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கங்க. மேஸ்திரி வந்து சத்தம் போட்டாச்சு, ஆனா செங்கல் லாரி வரலைன்னா என்ன ஆகும்? மூணு அமினோ அமிலத்தை மட்டும் வெறும் வயித்துல குடிச்சா, மீதி ஆறுக்கு உடம்பு எங்க போகும்? இருக்கிற தசையை உடைச்சுத்தான் எடுக்கும். அதாவது சொந்த வீட்டுச் சுவரை இடிச்சு, அதே செங்கல்ல இன்னொரு சுவர் எழுப்புற கதை.

இது நான் அடிக்கிற ஜல்லி இல்ல. ராபர்ட் உல்ஃப்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2017-ல இதைத்தான் விலாவாரியா எழுதினார். மனுஷங்களுக்கு ரத்தக்குழாய் வழியா பி.சி.ஏ.ஏ. மட்டும் ஏத்திப் பார்த்த ஆய்வு அவருக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு. ரெண்டுலயும் தசைப் புரதம் உருவாகுறது கூடல, குறைஞ்சிருந்தது.

உடனே யாராவது அதே 2017-ல ஸ்காட்லாந்துல ஸ்டர்லிங் பல்கலைக்கழகம் செஞ்ச ஆய்வைத் தூக்கிட்டு வருவீங்க. வாங்க. எடை தூக்கிப் பழகின 10 இளைஞர்களுக்குப் பயிற்சி முடிஞ்சதும் 5.6 கிராம் குடுத்தாங்க. தசைப் புரதம் உருவாகுற வேகம் 22 சதவீதம் கூடுச்சு. உண்மைதான், ஆனா அது சில மணி நேரத்துக்கான அளவு. அவங்க அடுத்த மாசம் எத்தனை கிலோ கூடுதலா தூக்கினாங்கன்னு அந்த ஆய்வு பார்க்கவே இல்ல. முழுப் புரதம் குடிச்சா கிடைக்கிற வேகம் இதைவிட அதிகம்.

பயிற்சிக்கு அப்புறம் வர்ற தசை வலி கொஞ்சம் குறையுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது, அதை மறைக்க விரும்பல. வலி குறையுறதுக்கு 2,100 ரூபா குடுக்கலாம்னு தோணுறவங்க தாராளமா குடுங்க. பலம்னு சொல்லி விக்காதீங்க.

இப்ப பொட்டி தட்டுறவன் புத்தியோட ஒரு கணக்கு. தம்பியோட டப்பாவுல 30 ஸ்கூப், ஒரு ஸ்கூப் 70 ரூபா. அதுல 7 கிராம் அமினோ அமிலம், லூசின் மட்டும் 3.5 கிராம். எங்க தெரு அண்ணாச்சி கடையில முட்டை 7 ரூபா. 70 ரூபாய்க்குப் பத்து முட்டை. பத்து முட்டையில புரதம் கிட்டத்தட்ட 60 கிராம், லூசின் 5 கிராமுக்கு மேல. கூடவே மீதி எட்டும் இருக்கு. தினம் பத்து முட்டை தின்னச் சொல்லல சாமிகளா, மூணு முட்டையும் நிறுத்தின ராத்திரி சாப்பாடும் போதும். காசும் மிஞ்சும்.

சைவம்னா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. 50 கிராம் சோயா உருண்டையில சுமார் 25 கிராம் புரதம் இருக்கு. பால், தயிர், பொட்டுக்கடலை, நிலக்கடலை இருக்கவே இருக்கு. அரிசியில குறையுற லைசினை உளுந்து ஈடுகட்டும், உளுந்துல குறையுற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். நம்ம பாட்டிமாருங்க இட்லிக்கு அமினோ அட்டவணை பார்த்தா ஊறப்போட்டாங்க?

முழுப் புரதப் பவுடர் மேல எனக்கு அவ்ளோ கோபம் இல்ல. அது பால்ல இருந்து எடுத்த சாப்பாடுதான். 2018-ல 49 ஆய்வுகளை, 1,863 பேரை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. எடைப் பயிற்சியோட கூடுதல் புரதமும் எடுத்தவங்க, எடுக்காதவங்களைவிட சராசரியா இரண்டரை கிலோ அதிகம் தூக்கினாங்க. அவ்ளோதான். ஒரு நாளைக்கு உடல் எடையில கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினா தசை மேற்கொண்டு கூடல. தசைக்காகப் புரதப் பவுடரே வேணாம்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல சொன்னது. அந்த அளவுக்கு நான் போகமாட்டேன்.

கைக்காசு அரிக்குது, ஏதாவது வாங்கியே ஆகணும்னா கிரியேட்டின் மோனோஹைட்ரேட். இதையும் உடம்பு மூணு அமினோ அமிலத்துல இருந்துதான் செய்யுது, கறி மீன்லயும் இருக்கு. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தா பலம் கூடுதுன்னு ஏகப்பட்ட ஆய்வு இருக்கு. கிட்னியில பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம எதையும் தொடாதீங்க.

எதை வாங்கினாலும் லேபிளை அப்படியே நம்பாதீங்க. புரதத்தை நேரா எடை போடுறதில்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்குறது பழைய வழக்கம். கிளைசின் மாதிரி மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தா நைட்ரஜன் ஏறும், லேபிள்ல புரதமும் ஏறும். 2008-ல சீனாவுல பால்ல மெலமைன் கலந்து குழந்தைகள் செத்துச்சே, அங்க ஏமாத்தினதும் இதே டெஸ்ட்டைத்தான். 2024-ல நம்ம ஊர் டாக்டர்கள் இந்தியாவுல விக்கிற 36 புரதப் பவுடரை வாங்கி சோதிச்சுப் பார்த்ததுல, ஏறக்குறைய 70 சதவீதத்துல லேபிள் சொன்ன புரத அளவு தப்பு.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அரை மனசாத்தான் தலையாட்டினான். இருக்கிற டப்பா தீரட்டும்ணே, அப்புறம் பார்க்கலாம்னான். டப்பா தீரட்டும்டா, மெஸ்ல மட்டும் இன்னிக்கு ராத்திரியே பேரைச் சேருன்னேன். மாஸ்டர் என்கிட்ட பேசுறதில்ல.