அரசலாற்றங்கரை ஓட்டம் யாருக்கு?

ஊருக்கு ஊர் இன்று மராத்தான் ஓட்டம் நடக்கிறது. பாங்கு நடத்துகிறது, ஆஸ்பத்திரி நடத்துகிறது, நகைக்கடை நடத்துகிறது. மார்பிலே கம்பெனியின் பெயர் பொறித்த பனியன், கழுத்திலே ஒரு மெடல், கையிலே தண்ணீர் பாட்டில். வேடிக்கை பார்க்கும் உழைக்கும் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? "வசதி படைத்தவர்கள் தொப்பை கரைய ஓடுகிறார்கள், நமக்கென்ன வந்தது?" என்று நினைத்துக்கொண்டு தம் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இப்படி ஒதுங்கிப் போவது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம். காரைக்காலில் அரசலாற்றங்கரையையும் கடற்கரையையும் ஒட்டி ஆண்டுக்கொரு முறை ஓர் ஊர் ஓட்டம் நடக்க வேண்டும். அதை ஊர் ஜனங்களே நடத்த வேண்டும்.

"நாள் முழுவதும் வயலிலே குனிந்து நிற்பவனுக்கும், வலை இழுப்பவனுக்கும் ஓட்டம் எதற்கு? அவன் உடம்பு ஏற்கெனவே ஓடிக் களைத்த உடம்பல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூலி வேலை உடம்பின் ஒரு பக்கத்தைத் தேய்த்து முடிக்கிறது. இடுப்பு போகிறது, முழங்கால் போகிறது. விளையாட்டு முழு உடம்பையும் வளர்க்கிறது. அதற்கு ஓய்வு நேரம் வேண்டும். பிரெஞ்சிந்தியாவில் அந்த ஓய்வு நேரத்தை யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான பிறகுதான், 1937-ல் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தின் பயன் காரைக்காலுக்கும் வந்தது. வேலைக்கு 8 மணி, உறக்கத்துக்கு 8 மணி என்றால், மிச்சமுள்ள 8 மணி யாருடையது? அந்த நேரத்தில் ஓடவும் ஆடவும் படிக்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

மராத்தான் என்ன, சீமான்கள் கண்டுபிடித்த சொத்தா? 1896-ல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மராத்தானை வென்ற ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். 1952-ல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் மூன்றையும் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக், இளம் வயதில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதற்கு முன் அவர் மராத்தான் ஓடியதே இல்லை. 1960-ல் ரோம் நகரத் தெருக்களில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். முசோலினியின் படை எத்தியோப்பியாவில் புகுந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த அக்சூம் கல்தூண் அன்றைக்கும் ரோமில்தான் நின்றது. அந்தத் தூணைக் கடந்துதான் அந்த வெறுங்கால்கள் ஓடின!

பாரிஸிலும் ஒரு முன்மாதிரி உண்டு. பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளின் 'லுமானிதே' பத்திரிகை 1930-களில் வயல்வெளி ஓட்டம் ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது. புறநகர்த் தொழிலாளர்களும் ஓடினார்கள், பெரும் வீரர்களும் ஓடினார்கள். பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் காரைக்காலுக்கு அங்கிருந்து வந்ததெல்லாம் வரியும் போலீஸும்தான். இந்த நல்ல வழக்கத்தை இப்போதாவது நாமே எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுப் பெரிய ஓட்டங்களின் கதை வேறு. 2004-ல் தொடங்கிய மும்பை மராத்தானுக்கு முதலில் ஓர் அந்நிய பாங்கின் பெயர் இருந்தது. 2018 முதல் டாட்டா பெயர். தெரு நகராட்சியுடையது, போலீஸ் சர்க்காருடையது, வியர்வை ஓடுபவனுடையது; பெயர் மட்டும் கம்பெனியுடையது. முழு தூரம் ஓட நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. விவசாயக் கூலிக்கு அது மூன்று நாள் சம்பளம். இதற்கு நேர் எதிராக, 2014-ஐ ஒட்டி மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஓட்டத்தைப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டிய கூலித் தொழிலாளி லதா பகவான் கரே, புடவையோடும் வெறுங்காலோடும் 3 கிலோமீட்டர் ஓடி, மூத்தோர் பிரிவில் முதலாவதாக வந்தார். எதற்காக ஓடினார்? கணவருக்கு ஸ்கேன் எடுக்கப் பணமில்லை; பரிசுத் தொகைக்காக ஓடினார். பத்திரிகைகள் புகழ்ந்தன, பிறகு சினிமாவும் வந்தது. சிகிச்சைக்காக ஒரு கிழவி தெருவில் ஓட வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஆகவே காரைக்கால் ஓட்டத்தில் கட்டணமும் கூடாது, பணப் பரிசும் கூடாது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 2008-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த மராத்தானில் செம்மண் பாதையில்தான் ஓடினார்கள், பரிசு கிடையாது. ஆயினும் வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். காசு காட்டினால்தான் கூட்டம் வரும் என்பது வியாபாரியின் வாதம்.

இனி, எந்த நாளில் நடத்துவது? எல்லா நகரங்களிலும் மராத்தான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான். ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு அன்று ஓய்வு. மீன் விற்கும் பெண்ணுக்கோ வாரத்திலேயே பெரிய வியாபார நாள் ஞாயிறுதான்! ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். அப்போது மீனவர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் அந்தப் புழுக்கத்தில் கடலோரத்தில் ஜனங்களை ஓடவிடுவது பாவம், ஆபத்தும்கூட. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையில் சம்பா அறுவடை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அறுவடை ஓய்ந்த மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கடற்காற்று வீசும் மாலை 5 மணி என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. இதை மீனவ பஞ்சாயத்தாரும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். உத்தரவு போட்டு நாள் குறித்தால் ஓடுவதற்குப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அவர்களையும் வாத்தியார்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. மராத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். நம் கடற்கரையோ 20 கிலோமீட்டரைச் சுற்றித்தான். நேராக 42 கிலோமீட்டர் ஓடினால் எந்தத் திசையில் போனாலும் தமிழ்நாட்டில்தான் போய் நிற்போம்! 5 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும் போதும். நடக்கிறவர்கள் நடக்கலாம், கடைசி ஆள் வந்து சேரும்வரை பந்தல் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் தண்ணீரும் வைத்தியமும்தான். 2016 ரியோ ஒலிம்பிக் மராத்தானில் கேரளத்தின் ஏழைக் குடும்பத்து மகள் ஓ. பி. ஜெய்ஷா எல்லைக்கோட்டைத் தொட்டதும் மயங்கி விழுந்தார். வழியில் இந்தியாவுக்கு ஒதுக்கிய மேஜைகளில் தண்ணீர் தர ஆளில்லை என்று பிறகு அவர் சொன்னார். அதிகாரிகள் மறுத்தார்கள். ஒலிம்பிக்கிலேயே இப்படி ஒரு தகராறு எழுமானால், கவனமில்லாத சிறு ஊர் ஓட்டத்தில் என்ன நடக்காது? நமக்குத் தண்ணீர்ப் பந்தல் புதிதல்ல. தெருவுக்கு ஒரு பந்தல், மண்பானை, எவர்சில்வர் டம்ளர், உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே உப்பு அவசியம். ஜிப்மர் கிளையில் படிக்கும் வைத்திய மாணவர்கள் வழி நெடுக நிற்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வேலையே இல்லை. மறுநாள் தெருக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் நம் உற்சாகத்தின் குப்பையைச் சுமத்தக்கூடாது. அன்று அவர்களுக்கு உபரி வேலை இருந்தால் உபரிச் சம்பளம் கொடுக்க வேண்டும். 'தொண்டு' என்ற பெயரில் கூலியை விழுங்குவது பல விழாக்களில் நடக்கிற அநியாயம்.

பெண்களும் ஓட வேண்டும். 1984 வரை ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மராத்தான் கிடையாது. பெண் உடம்பு தாங்காதாம்! கயிலை மலைக்குத் தலையாலேயே நடந்து ஏறினார் என்று ஓர் அம்மையாரின் கதையைச் சொல்லி மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊர் இது. இந்த ஊரில் அந்த வாதம் செல்லுமா? பாதையில் விளக்கு, நடுவிலே கழிப்பிடம், சீண்டல் செய்கிறவனைத் தட்டிக் கேட்க ஆட்கள் ஆகிய மூன்றும் இருந்தால் மீன்கூடைக்காரியும் நாற்று நடுகிறவளும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

கடைசியாக, பாதை எது என்ற கேள்வி. அழகுக்காகக் கடற்கரையில் கொண்டுபோய் முடிப்போம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாம் மறுக்கிறோம். 2004 டிசம்பர் 26 காலையில் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய கிராமங்களில் கடல் ஏறி வந்தது. மாவட்டத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், குழந்தைகள் ஏராளம். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 2011 சுனாமியில் சிதைந்த ஜப்பானின் ஒனகாவா என்ற சிற்றூரில், 2013 முதல் ஓர் ஓட்டம் நடத்துகிறார்கள். "தப்பி ஓடுங்கள்!" என்ற கூவல்தான் தொடக்க அடையாளம். கீழ் ஊரிலிருந்து மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். பிள்ளைகளின் கால்களுக்கு அந்தப் பாதை பழகிப் போகிறது. டெல்டாவில் மேடு ஏது? மேற்கே, ஊருக்குள்ளே போவதுதான் நமக்கு மேடு.

ஆகவே கலங்கரை விளக்கத்தருகே கடலைப் பார்த்து நின்று, கடலுக்கு முதுகு காட்டித் தொடங்க வேண்டும். அரசலாற்றங்கரை, பாரதியார் சாலை, அம்மையார் குளம், பிறகு திருநள்ளாறு சாலை என மேற்கே போக வேண்டும். ஓடிக்கொண்டே ஆற்றில் விழும் சாக்கடையையும் கரையோர ஆக்கிரமிப்பையும் ஊர் முழுதும் கண்ணால் பார்க்கும். 2019-ல் தூர்வாரிய குளங்களில் எது மறுபடியும் தூர்ந்து போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மீனவக் கிராமம் ஒவ்வொன்றிலிருந்தும் இதே போல மேற்கு நோக்கி ஒரு கிளை ஓட்டம் புறப்பட்டு வந்து சேரலாம். அதற்குப் பாதை வேண்டுமே! எந்தக் கிராமத்திலிருந்து மேற்கே ஓடச் சுவரும் வேலியும் இல்லாத நேர்வழி இருக்கிறது, எதிலிருந்து இல்லை என்பதை மழைக்கு முன்பே நடந்து பார்த்துப் பட்டியல் போட வேண்டும். இல்லாத இடங்களின் பட்டியலை ஓட்டக் கமிட்டி கலெக்டர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.