டிரைவருக்கு ஓய்வு உண்டு... பாட்டிக்கு?

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகலாமா என்று உங்கள் வீட்டில் பேச்சு அடிபடுகிறதா? பேஷாகப் போய் வாருங்கள். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து ஊர் சுற்றுகிற சந்தோஷமே தனி.

ஆனால், டூர் ஏஜென்ட்டிடம் நாம் என்ன கேட்கிறோம்? ‘எத்தனை நாடு? நம்ம ஊர் சாப்பாடு உண்டா? ஓட்டல் எத்தனை ஸ்டார்?’ அதோடு சரி. ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும்? வழியில் எத்தனை தடவை நிறுத்துவீர்கள்?’ என்று யாராவது கேட்கிறோமா? வைத்தியன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

‘எட்டு நாளில் ஆறு நாடு’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிப் பகல் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். விடியற்காலையில் எழுப்பி, பெட்டியைக் கட்டச் சொல்லி, அவசர அவசரமாக வாயில் ரொட்டியைப் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். காலைக்கடன் சரியாக முடிந்ததா, இல்லையா? அதைப் பற்றி யாருக்குக் கவலை?

இந்த மாதிரி டூர் போய் வந்த பெண்கள் பலர் என்னிடம் சிறுநீர்க் கடுப்பு, மலச்சிக்கல், கால் வீக்கம் என்று வருகிறார்கள். “தண்ணீர் குடித்தீர்களா அம்மா?” என்று கேட்டால், “எங்கேங்க... குடிச்சா அப்புறம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லணுமே, நாப்பது பேர் முன்னாடி எப்படிக் கேக்கறது?” என்பார்கள். லட்சக்கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஊர் பார்த்துவிட்டு வருகிறார்கள். இது என்ன நியாயம், சொல்லுங்கள்?

நம் சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்லியிருக்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, வாந்தி என்று உடம்பு தானாகவே தூண்டுகிற வேலைகள் அவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று. ஒரு பாக்கேஜ் டூர் பஸ்ஸில் இவற்றில் ஐந்தாறையாவது தினமும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி, பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால், மொத்தமாகவோ பிரித்தோ 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். 2006-ல் போட்ட விதி இது. வண்டியை ஓட்டுகிறவருக்கு ஓய்வு, சட்டத்தில் இருக்கிறது. பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற எழுபது வயதுப் பாட்டிக்கு? அவருக்குச் சட்டம் போட வேண்டியவர்கள் நீங்கள்தான்!

உட்கார்ந்தே இருப்பதில் அப்படி என்ன ஆபத்து என்பீர்கள். காலில் ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை அசைய வேண்டும். அசையாவிட்டால் ரத்தம் தேங்கும். சிலருக்கு உள் நாளத்தில் கட்டியாக உறையும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால், விமானத்துக்கு மட்டும் இல்லை. பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். பருமனானவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது. பயணத்திலோ, திரும்பி வந்த பிறகோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், கஷாயம், தைலம் என்று உட்காராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

சரி, வேறு என்னதான் வழி? ரயில்! பாரிஸிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம்தான். எழுந்து நடக்கலாம். பெட்டியிலேயே கழிப்பறை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஸ்விட்சர்லாந்துக்குள் ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். பெற்றோர் பாஸ் வைத்திருந்தால், இலவசமாகத் தரும் குடும்ப அட்டையைக் காட்டி, 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் அவர்களோடு டிக்கெட் இல்லாமல் வரலாம். சில இரட்டை அடுக்கு ரயில்களில் குழந்தைகள் விளையாடவே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு நாட்டை இரண்டாகக் குறையுங்கள். ஒரே ஊரில் நாலு நாள் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்புங்கள். தினமும் பெட்டி கட்டுகிற வேலையும் மிச்சம்.

ரயிலில் போனாலும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை. வெனிஸ் நகரத்துக்குள் கார் கிடையாது. 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டோடு. மூட்டு வலிக்காரர்கள் படகு நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். அடுத்தது யுங்ஃபிராவ் சிகரப் பக்கம். 1912-ல் முடித்த மலை ரயில் உங்களை 3,454 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான். ரயில் ஏறுகிற வேகத்துக்கு நுரையீரல் பழகாது. மெதுவாக நடங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. தலை சுற்றினால், மூச்சு முட்டினால் அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் குமட்டும். முன் சீட்டுப் பக்கம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு துண்டு இஞ்சி மரப்பா கொடுக்கலாம்.

“எங்களுக்கு பாஷை தெரியாதே, பெட்டியை யார் தூக்குவது, பஸ் டூர்தான் நிம்மதி” என்று நீங்கள் சொல்வது புரிகிறது. நியாயம்தான். தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்கும், நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் வாசலில் வந்து நிற்கிற பஸ் பெரிய உதவி. பஸ்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன்பே பேசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் நிறுத்துவதாக எழுதி வாங்குங்கள். நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பலவற்றில் காசு போட்டால்தான் கதவு திறக்கும். பாட்டியின் சுருக்குப் பையில் யூரோ சில்லறை போட்டுக் கொடுங்கள். சில்லறைக்காக மகனிடம் கை நீட்ட வேண்டாம் என்றாலே பாதிக் கூச்சம் போய்விடும். தண்ணீரும் தானாகக் குடிப்பார்.

டூர் அட்டவணை கைக்கு வந்ததும் அதை முதலில் வீட்டிலேயே மூத்தவரிடம் கொடுங்கள். “இதில் எந்த நாள் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்மா?” என்று கேளுங்கள். அவர் காட்டுகிற நாளிலிருந்து ஓர் ஊரை அடித்துவிடுங்கள். அந்த ஊர் எங்கேயும் ஓடிப் போகாது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்!