டியூப்லைட் வெளிச்சத்தில் பேய்

2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பதே முக்கால். ஆதம்பாக்கத்தில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டு ஹாலில் நானும் இவரும். பன்னிரண்டு வருஷமாகத் தள்ளிப்போன ஒரு காரியத்தை அன்றைக்கு எப்படியாவது முடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வீட்டுக் கடன் இல்லை, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதும் இல்லை. 'தி கான்ஜுரிங்' படத்தைப் புருஷனோடு சேர்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, முழுசாகப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

2013-ல் படம் வந்தபோது நான் மாசமாக இருந்தேன். "வயித்துப் பிள்ளைக்காரி பேய்ப் படமா பாப்பா?" என்று அத்தை போட்ட அதட்டலில் டிக்கெட் கேன்சல். அப்புறம் கைக்குழந்தை, அப்புறம் எல்.கே.ஜி. அட்மிஷன், அப்புறம் கொரோனா. 2024-ல் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில் வந்து நின்றன. வெளியே ஆட்டம்பாம் வெடிக்கும்போது உள்ளே எந்தப் பேய் வாயைத் திறக்கும்? குடும்பத்தோடு 'அமரன்' போய் அழுதுவிட்டு வந்தோம்.

நமக்கு எதற்கு ஹாலோவீன் என்று கேட்பீர்கள். எனக்கும் அது தேவையில்லைதான். ஆனால் இவர் வேலை பார்ப்பது ஓ.எம்.ஆரில். அன்று சாயங்காலம் சட்டைக் காலரில் ரத்தத்தோடு வந்து நின்றார். அத்தை பதறி, "ஐயோ, வண்டியில விழுந்துட்டியாடா?" என்று ஓடிவந்தார். "இல்லம்மா, ஆபீஸ்ல எல்லாரும் பேய் வேஷம் போட்டோம்." வேஷம் போட்டது அவர், துவைத்தது நான். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாயிற்று, சோப்புத்தூளில் ஊறவைத்தாயிற்று, அந்தக் காலர் இன்னும் ரோஸ் கலரில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் பரங்கிக்காயைக் குடைந்து கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்கிறார்களாம். எங்கள் தெருக் கோடியில் கட்டுகிற புது வீட்டில் பூசணிக்காய்க்கு முட்டைக்கண்ணும் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து கட்டித் தொங்கவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நமக்கு வருஷம் பூராவும் ஹாலோவீன். யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் குறை.

என் ஆதங்கம் ஹாலோவீனைப் பற்றி இல்லை. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் ஆனவர்கள், மாமியார் இருக்கிற வீட்டில், சோபாவில் ஒட்டி உட்கார ஒரு சாக்கு வேண்டும். பேயைவிட நல்ல சாக்கு உண்டா? யாரும் தப்பு சொல்ல முடியாது. பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பயம் வர இருட்டு வேண்டும், நிசப்தம் வேண்டும், இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட ஆதம்பாக்கத்தில் கிடைக்காது.

அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்தின வீட்ல பேயைக் கூப்பிடாதீங்க." பேச்சுவார்த்தை நடந்தது. அவர் படுத்த பிறகுதான் படம், சத்தம் கம்மி, பூஜை அலமாரி விளக்கை அணைக்கக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேய்ப் படத்தில் பாதி நேரம் திரை கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பானால் டிவி கண்ணாடிதான். படத்தில் வருகிற ரோட் ஐலண்ட் பண்ணை வீட்டின் நிலவறைப் படியில் அந்த வீட்டு அம்மாள் இறங்க இறங்க, எனக்குத் தெரிந்தது என் நைட்டி, இவர் தொப்பை, எங்கள் இருவருக்கும் நடுவே சிவப்பு பல்பு வெளிச்சத்தில் வேலோடு முருகன். முருகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பேய் என்ன செய்துவிடும்?

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் கையில் இருக்கிற ரிமோட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பேய்ப் படத்தில் ஆட்கள் கிசுகிசு என்று பேசுவார்கள், திடீரென்று கதவு அறையும். கிசுகிசுப்பு கேட்க வால்யூம் 24 வைப்பார். அறையப்போகிறது என்று மோப்பம் பிடித்தவுடன், அத்தை எழுந்துவிடுவாரே என்று கட்டைவிரலால் கடகடவென்று 6-க்கு இறக்கிவிடுவார். பயம் வரவேண்டிய இடத்தில் கொசு பறக்கிற சத்தம். அந்தப் படத்தின் உயிரே ஒரு கைத்தட்டல். குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டில் ஒளிந்திருப்பவர் கைதட்டுவார். அந்த அம்மாள் இருட்டில் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்திருக்க, பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து 'பட் பட்' என்று தட்டும். ஊரே அலறியதாகப் பன்னிரண்டு வருஷமாகக் கேள்விப்பட்ட காட்சி. எங்கள் வீட்டில் அந்தக் கைகள் ஊமையாகத் தட்டிவிட்டுப் போயின. "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "கொசு அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

ஹிட்ச்காக் 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு முதலில் இசையே வேண்டாம் என்று நினைத்தாராம். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிடவைத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் மனசு மாறினார். 1960-லேயே தெரிந்த விஷயம், காதுதான் முதலில் பயப்படும் என்பது. இவருக்கு யார் சொல்வது?

"நம்ம ஊர்ப் பேய்ப் படமே பாத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். அதுவும் ஒரு சோகக் கதை. எண்ணூறு நாளுக்கு மேல் சாந்தி தியேட்டரில் ஓடிய 'சந்திரமுகி'யைக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் நாம். 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை' என்று பேய்க்குக் கூடவே காமெடி ட்ராக்கும் குத்துப்பாட்டும் சேர்ந்துகொண்டன. இன்டர்வெல் முடிந்ததும் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். நிலத்தை எவனோ பிடுங்கியிருப்பான், இல்லை குடும்பத்தையே கொன்றிருப்பான். அந்த இடத்தில் இவருக்குக் கண் கலங்கிவிடும். 'பிசாசு' பார்த்தபோது கர்ச்சீப்பையே எடுத்துவிட்டார். பேய்க்காக அழுகிற ஆளைக் கட்டிப்பிடித்து நான் எப்படிப் பயப்படுவது?

நிஜமாகவே பயமுறுத்திய படங்கள் இல்லாமல் இல்லை. 2009-ல் வந்த 'யாவரும் நலம்' பார்த்த பிறகு பதிமூன்றாவது மாடி என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அதை அத்தை இருக்கிற வீட்டில் போட முடியாது. மெகா சீரியலில்தான் பேயே இருக்கிறது என்று தெரிந்தால் அவர் மனசு என்ன பாடுபடும். 2017 நவம்பரில் வந்த 'அவள்' புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பார்க்கவேண்டிய படம். தியேட்டரில் போய்ப் பார்த்தோம். பின் வரிசைப் பையன்கள் பேய் வரும்போதெல்லாம் அதற்கு முன்கூட்டியே வசனம் சொல்லிவிட்டார்கள். தியேட்டரே சிரித்தது, இவரும் சிரித்தார். ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியைக்கூட, அதே பெயரில் படம் வந்த சூட்டில் ஒரு ராத்திரி வண்டியில் போய்ப் பார்த்தோம். இருட்டில் என் தோளைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இந்த ஏரியால கிரவுண்டு என்ன போகும் தெரியுமா?" என்று வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுபடி வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். பத்தேகாலுக்குக் கீழ் வீட்டிலிருந்து போன்: "இன்னிக்கு மோட்டார் உங்க டர்ன்." இவர் இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். போட்டதை அணைக்கவேண்டுமே என்று, அடுத்த இருபது நிமிஷம் பேயைப் பார்க்காமல் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் இல்லாத பிளானுக்கு மாதம் கொஞ்சம் கூடக் கட்டவேண்டும், இவர் கட்டமாட்டார். அலமாரி மேல் பேய் குந்தியிருப்பது தெரிந்த அடுத்த நொடி மஞ்சள்தூள் விளம்பரம். பரங்கிமலைப் பக்கம் ரயில் ஹாரன். மகள் எழுந்து வந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுத் திரையைப் பார்த்து, "இது கிராஃபிக்ஸ்ம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். பதினொரு வயசு.

அந்தப் படத்தில் பேய் ஓட்ட வருகிற வாரன் தம்பதியும் புருஷன் பெண்டாட்டிதான். எட், லொரைன். ஒருவர் கையை ஒருவர் விடுவதே இல்லை. ஜோடியாகப் பேயையே ஓட்டுகிறார்கள். எங்களால் பேயைப் பார்க்கக்கூட முடியவில்லை.

பதினொன்று ஐந்துக்குக் கரண்ட் போயிற்று. மழை இல்லை, காற்று இல்லை, சும்மாவே போயிற்று. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஹாலில் நிஜமான இருட்டு. முருகனும் அணைந்துவிட்டார். இவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்பாடா என்று நினைப்பதற்குள் டியூப்லைட் பளீரென்று எரிந்தது.

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் அப்படி. வயரிங் செய்தவர் ஹால் டியூப்லைட்டையும் ஃபேனையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தார், டிவியைக் கொடுக்கவில்லை. ஆக, கரண்ட் போனால் எங்களுக்குப் படம் அணையும், வெளிச்சம் வரும். உலகத்தில் எந்தத் தம்பதிக்கும் இப்படி அமைந்திருக்காது. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். உள்ளறையிலிருந்து குரல்: "இருட்டுல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" போட்டுவிட்டேன். பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்தில், அணைந்த டிவிக்கு எதிரே, சோபாவின் ஆளுக்கொரு மூலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் போனை நோண்டினார். நான் காலர் கறையை யோசித்தேன். படத்தில் இன்னும் நாற்பத்தெட்டு நிமிஷம் பாக்கி.

மறுநாள் சனிக்கிழமை. மீதியை ராத்திரி பார்த்துவிடலாம் என்று நானே சமாதானம் செய்துகொண்டு காபி கலக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் இவர் அத்தையிடம் ஏதோ கதை சொல்வது கேட்டது. அஞ்சு பொண்ணுங்க, பண்ணை வீடு, கடைசியில் அந்த அம்மாவுக்கே பேய் பிடித்துவிடுமாம். டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நேற்று கரண்ட் இல்லாதபோது போனில் நோண்டியது இதைத்தானாம். 'முழுப் படமும் பத்தே நிமிஷத்தில்' என்று யூடியூபில் ஒரு பையன் விளக்கம் சொல்லியிருக்கிறான். இவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தனியாக முடித்துவிட்டிருக்கிறார்.

அத்தை கதையை முழுசாகக் கேட்டுவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அது சரி, அப்புறம் அந்த வீட்டை என்ன விலைக்கு வித்தாங்க?"