ஒருவர் விழித்திருக்க, ஒருவர் தூங்க...

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகு கிளம்பியது. நீளம் 56 அடி. தாம்பரம் ஸ்டேஷனில் வந்து நிற்கும் மின்சார ரயிலின் ஒரு பெட்டியே அதைவிட நீளம். அந்தப் படகில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் புதுச்சேரிப் பெண், லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இன்னொருவர் கோழிக்கோட்டுப் பெண், லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள்.

ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என்று நாலே ஊர்களில் இளைப்பாறிவிட்டு, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். எட்டு மாதம். சுமார் 25,400 கடல் மைல். நம் கணக்கில் 47,000 கிலோமீட்டர். அத்தனையும் காற்றை நம்பி!

இரண்டு பேர் மட்டும் கடலில் போவது என்றதும் நமக்கு ஒரு படம் தோன்றும். அந்தி வானம், படகின் முனையில் அருகருகே இருவர், கையில் காபி. கணவனும் மனைவியுமாகக் கடல் சுற்றுகிறவர்கள் போடும் வீடியோக்களிலும் அதுதான் முதலில் வரும். என்னைக் கேட்டால் அந்தப் படம் பாதிதான் உண்மை.

காரணம் எளிது. நடுக்கடலில் ராத்திரி ஆகிவிட்டது என்று வண்டியை ஓரம் கட்ட முடியாது. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரம் எங்கே போடுவது? படகு இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும். சுக்கானைப் பிடிக்கத் தானியங்கிக் கருவி உண்டு. ஆனால் எதிரே கப்பல் வருகிறதா, காற்று திசை மாறுகிறதா, பாயைச் சுருக்க வேண்டுமா என்று பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும். அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரமோ நாலு மணி நேரமோ ஒருவர் மேலே விழித்திருப்பார், மற்றவர் கீழே தூங்குவார். அப்புறம் மாற்று.

ஆக, இருவராகப் போனாலும் கடலின் அழகில் பெரும்பகுதியைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

அதிலும் இரவு. கரையின் வெளிச்சம் எட்டாத இடத்தில் பால்வீதி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிடக்கும். தெற்கே போகப் போக, நம் ஊரில் ஓரமாக எட்டிப் பார்க்கும் நட்சத்திரங்கள் உச்சிக்கு ஏறும். நமக்குப் பழக்கமான துருவ நட்சத்திரம், நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் கடலுக்குள் இறங்கிவிடும். சில இரவுகளில் தண்ணீரே ஒளிரும். 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்க்கக் கூட்டம் ஓடியதே, அதேதான். அசைத்தால் ஒளி விடும் நுண்ணுயிர்கள். நடுக்கடலில் படகு போன பாதை முழுக்க நீலக்கோடு விழும். பக்கத்தில் டால்பின் நீந்தினால் அதன் உருவமே ஒளியால் வரைந்ததுபோல் தெரியும்.

இதைப் பார்க்கிறவர் கீழே தூங்குபவரை எழுப்பலாமா? எழுப்பினால், அடுத்த முறையில் அவர் கண் அசந்துவிடலாம். அங்கே கண் அசந்தால் உயிருக்கு ஆபத்து. எழுப்பாவிட்டால், இவ்வளவையும் ஒருவர் மட்டுமே பார்த்ததாகிவிடும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இது நிஜமான கேள்வி.

ரூபாவும் தில்னாவும் போன தென்கடலில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை. நம் மீனவர்கள் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். அங்கே 40 டிகிரி தெற்கைத் தாண்டினால் வருஷம் முழுக்க மேல்காற்றுதான். தடுக்க நிலமே பெரிதாக இல்லாததால் காற்றும் அலையும் உலகைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன. அலைகள் நீளமான குன்றுகள் மாதிரி. மேலே ஏறும்போது காற்று ஊளையிடும், பள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று அடங்கும். நியூசிலாந்திலிருந்து ஃபாக்லாந்துக்குப் போன ஆறு வாரத்துக்கு மேற்பட்ட அந்தக் கட்டத்தில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்தித்திருக்கிறார்கள்.

வழியில், 2025 ஜனவரி இறுதியில், ‘பாயின்ட் நெமோ’வைக் கடந்தார்கள். எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான கடல் புள்ளி அது. பக்கத்து நிலம் 2,688 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போவதைவிட அதிகம். தலைக்கு மேலே விண்வெளி நிலையம் கடந்து போகும் நேரத்தில், 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த விண்வெளி வீரர்கள்தான் மிக நெருங்கிய அண்டை வீட்டார்!

அந்தக் கடலுக்கு உரிய பறவை அல்பட்ராஸ். பெரிய இனத்தின் சிறகு விரிப்பு 11 அடி வரும். சிறகை அடிக்காமலே மணிக்கணக்கில் அலைக்கு மேல் மிதந்து வரும். இதன் குடும்பக் கதையைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஒரே இணை. ஒரே முட்டை. சுமார் 11 வாரம் அடைகாக்க வேண்டும். ஒன்று முட்டைமேல் உட்கார, மற்றது இரைதேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவிட்டு, நாளோ வாரமோ கழித்து வரும். வந்ததும் இது கிளம்பும்.

முறை மாற்றுவதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு பழைய தம்பதி சாட்சி. மைல்ஸ் ஸ்மீட்டன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். மனைவி பெரில். 46 அடிப் படகு ஒன்றில், ஜான் குஸ்வெல் என்ற நண்பரோடு, 1956 கடைசியில் மெல்போர்னிலிருந்து கேப் ஹார்ன் நோக்கிக் கிளம்பினார்கள். பிப்ரவரியில் ஒருநாள் சுக்கானில் பெரிலின் முறை. ஆண்கள் இருவரும் கீழே. பின்னாலிருந்து வந்த ராட்சச அலை ஒன்று படகைக் குட்டிக்கரணம் போட வைத்தது. பெரில் கட்டியிருந்த கயிறு அறுந்து கடலில் விழுந்தார். மேலே வந்த மைல்ஸ் பார்த்தபோது மனைவி தண்ணீரில், பாய்மரம் இரண்டும் முறிந்திருந்தன, படகுக்குள் பாதி வெள்ளம். காயத்தோடு பெரில் நீந்தி வந்தார், இழுத்து ஏற்றினார்கள். வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து, உடைந்த கட்டைகளில் பாய் கட்டி, சிலி நாட்டின் கரையைத் தொட்டார்கள். (பூனைப் பிரியர்களுக்கு: படகில் இருந்த ‘ப்வே’ என்ற சயாமியப் பூனையும் பிழைத்தது.)

அத்தோடு விட்டார்களா? அதே ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் மறுபடி புறப்பட்டார்கள். மறுபடி படகு உருண்டது. கடைசியில் 1968-ல், இருவருக்கும் அறுபது தாண்டிய பிறகு, ஓர் இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேப் ஹார்னைச் சுற்றியே விட்டார்கள். எனக்கு வியப்பு அந்தச் சாதனை அல்ல. 1957 பிப்ரவரிக்குப் பிறகு, பெரில் தனியாக மேலே போன ஒவ்வொரு முறையும் மைல்ஸ் எப்படிக் கீழே படுத்துக் கண்ணை மூடினார் என்பதுதான்.

ரொம்ப தூரத்து விஷயமாகத் தெரிகிறதா? நம் இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் மெப்ஸ், ரயில்வே, ஆஸ்பத்திரி, ஐ.டி. என்று ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பதிகள் எத்தனை பேர்! அவர் உள்ளே வர, இவர் வெளியே கிளம்ப, வாசற்படியில் நடக்கும் பேச்சு: “பால் காய்ச்சிட்டேன், பாப்பாவுக்கு லேசா ஜுரம், மோட்டார் போட்டு பத்து நிமிஷம் ஆச்சு, பார்த்துக்கோங்க.” படகிலும் இதேதான். காற்று தென்மேற்கு, வலது பக்கம் ஒரு கப்பல் விளக்கு, ஒரு பாயைச் சுருக்கியிருக்கிறேன், டீ ஃபிளாஸ்க்கில் இருக்கிறது. அதோடு நேரம் இருந்தால், “ரெண்டு மணிக்கு டால்பின் வந்துச்சு” என்று ஒரு வரி.

தென்கடல் வானத்தில் ஒரு துண்டை நாமும் பார்க்கலாம். தென்சிலுவை என்று நாலு நட்சத்திரக் கூட்டம் உண்டு. நம்மவர்கள் திரிசங்கு என்பார்கள். மே மாத நடுவில், இரவு 9 மணி வாக்கில், நேர் தெற்கே தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரம்தான். ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சத்தில் கஷ்டம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், கடைகளின் விளக்கு முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு பேருமே போங்கள்.