வீட்டு வேலைக்கு ஊதியம், வேலைக்கு அருகில் வீடு: செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்யக் கோரிப் பெண் தொழிலாளர்கள் சங்கம் உள்ளிட்டோர் தொடுத்த மனுவை ஏற்க உச்ச நீதிமன்றம் 2026 ஜனவரி இறுதியில் மறுத்ததையும், ஊதியத்தைச் சட்டம் கட்டாயமாக்கினால் குடும்பங்கள் ஆள் வைப்பதையே விட்டுவிடும், வீடுதோறும் வழக்கு முளைக்கும் என்ற அச்சம் அந்த விசாரணையின்போது அமர்விலிருந்தே வெளிப்பட்டதையும் உறுப்பினர்கள் அறிவர். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு அடுக்குமாடி வளாகங்களில் இப்போது அதே பேச்சு எழுந்திருப்பதால், இவ்வமைப்பின் நிலைப்பாட்டைச் செயற்குழு இங்கே பதிவு செய்கிறது. குறைந்தபட்ச ஊதியம் இப்பகுதிப் பெண்களின் வேலையைப் பறித்தது என்பதற்குச் செயற்குழுவின் முன் எந்தச் சான்றும் வைக்கப்படவில்லை. குடியிருப்பு வெளியேற்றம் பறித்தது என்பதற்கோ சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நீதிமன்றத்தின் மாண்பைக் குறைப்பது இவ்வறிக்கையின் நோக்கமன்று. சட்டம் இயற்றுவது சட்டமன்றங்களின் பொறுப்பு என்று சுட்டி, கோரிக்கையை மாநில அரசுகளிடம் தொடர்ந்து வலியுறுத்துமாறு நீதிமன்றம் கூறியிருப்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆயினும், தொழில் வளர்ச்சி முடங்கியதற்குத் தொழிற்சங்கங்களே பெரிதும் காரணம் என்ற கருத்து, சங்கமோ சாட்சியோ பக்கத்தில் இல்லாமல் பிறர் வீட்டுச் சமையலறையில் தன்னந்தனியாக நின்று வேலை செய்யும் பெண்களின் வழக்கில் அமர்விலிருந்து சொல்லப்பட்டதை இவ்வமைப்பு ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில், அதாவது அரசு ஊதியம் நிர்ணயிக்க வேண்டிய தொழில்களின் பட்டியலில், வீட்டு வேலை 2007இல் சேர்க்கப்பட்டது. மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை என்ற அளவு அறிவிக்கப்பட்டதோ 2018இல்தான். ஒரு வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் பாத்திரம் தேய்த்து, கூட்டிப் பெருக்கி, துணி துவைத்துப் போடுகிறவர் ஒரு நாள் லீவும் எடுக்காமல் முப்பது நாளும் வந்தால் 37 ரூபாய்க் கணக்கில் மாதம் 2,220 ரூபாய் பெறுவார். லிஃப்டும் ஜெனரேட்டரும் காவலாளியும் உள்ள வளாகங்களிலிருந்து, இந்தத் தொகை கட்டுப்படியாகாது என்ற குரல் எழுவது வெட்கப்படத்தக்கது. நடைமுறையில் பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைப்பதற்கு இவ்வளவு என்று வேலைக் கணக்கிலேயே சம்பளம் பேசப்படுவதாலும், மணியைக் கணக்கிடுவார் இல்லாததாலும் அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆகவே அதை வைத்து வேலைவாய்ப்பின் மீதான விளைவை இரு தரப்பும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் ஊதியம் உயர்த்தப்பட்டபோது துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று டேவிட் கார்டு, ஆலன் குரூகர் ஆகியோர் கண்டறிந்தனர் என்றாலும், உணவகம் வேறு, வீடு வேறு என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் இருப்பதால் செயற்குழு அந்த ஆய்வை மட்டும் நம்பி வாதிடவில்லை.

வெளியேற்றம் வேலையைப் பறிப்பது எப்படி என்பது இவ்வேலையின் தன்மையிலேயே தெரியும். வீட்டு வேலை ஒரே மூச்சில் செய்து முடிக்கும் எட்டு மணி நேர வேலை அன்று. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடவும், காலைச் சமையல் முடிந்ததும் பாத்திரம் தேய்க்கவும், மாலையில் மறுபடி வந்து மிச்சத்தை முடிக்கவும் மயிலாப்பூர் வீடுகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் அந்தப் பெண் தம் வீட்டில் உலை வைக்கிறார், தண்ணீர் பிடிக்கிறார், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போடுகிறார். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்து நடந்தே வந்துபோகும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கும் இக்குடும்பங்கள் அனுப்பப்பட்டன. மயிலாப்பூரிலிருந்து கண்ணகி நகர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பெரும்பாக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு போன பெண்ணின் கையைவிட்டு முதலில் போவது மாலை வேலை. விடிகாலையில் ஆள் வேண்டும் என்கிற வீடு அடுத்துப் போகிறது. மூன்று வீடு பார்த்தவருக்கு ஒன்று மிஞ்சினாலே பெரிது. 2021 முதல் மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பது பெரிய உதவிதான், ஆனால் அது நேரத்தைத் திருப்பித் தருவதில்லை. போக வர மூன்று மணி நேரம் ஆனால், அரசு 2018இல் நிர்ணயித்த 37 ரூபாயில் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 111 ரூபாய் பெறுமான உழைப்பு சாலையிலேயே போகிறது. ஊதியம் உயர்ந்தால் ஏழைப் பெண்ணின் வேலை போய்விடுமே என்று இன்று கவலைப்படுகிறவர்கள், மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் லாரியில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே இறக்கப்பட்டபோது எங்கே இருந்தார்கள்? வீடுதான் கொடுத்தாயிற்றே என்று கோப்பை மூடிய அரசுத் துறைகளும் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து உயிரிழந்ததை இப்பகுதி மறக்கவில்லை. அதன்பின் அம்மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகள் ஒதுக்கப்படும் என்று அன்றைய முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நகருக்குள் இடமில்லை என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டது முழு உண்மை அன்று என்பதை அந்த அறிவிப்பே காட்டிவிட்டது. அது ஓர் உயிர் போன பிறகுதான் வரவேண்டுமா என்ற கேள்வியை வரைவிலிருந்து நீக்கலாம் என்ற யோசனை வந்தது, செயற்குழு நீக்கவில்லை.

வேலையும் இருப்பிடமும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது வீட்டு வேலையில் மட்டுமன்று. தியாகராய நகர்க் கடை ஊழியர்களுக்கு 2021ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உட்காரும் உரிமையைத் தந்ததையும், கடை தரும் விடுதியில் தங்குவோர் வேலையை இழந்தால் படுக்கையையும் இழக்கும் நிலை தொடர்வதையும் இவ்வமைப்பு கவனத்தில் கொண்டுள்ளது. வீட்டு வேலையைப் பொறுத்தவரை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், வேலைக்கு ஆள் வைக்கும் தனி வீட்டை எப்படிக் கருதுகிறது என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

ஓய்வூதியத்தில் தனித்து வாழும் முதியோர் இப்பகுதிகளில் பலர் உள்ளனர். அவர்களில் சிலர் இவ்வமைப்பின் உறுப்பினர்களும்கூட. அவர்களுடைய சிரமத்தைக் கருதி, ஊதிய விதியைப் படிப்படியாக நடைமுறைப்படுத்துவதையும் முதல் மீறலுக்கு வழக்குக்குப் பதில் சமரசம் செய்வதையும் இவ்வமைப்பு கொள்கையளவில் எதிர்க்கவில்லை. பழைய புடவையும் மீந்த குழம்பும் சம்பளத்தில் சேராது என்பதில் மட்டும் சமரசம் கிடையாது.

எனவே தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கான ஊதியத்தை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் தவறாமல் திருத்தி, மணிக்கணக்கோடு வேலைக் கணக்கிலும் அறிவிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு அதில் அடங்க வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எந்தக் குடியிருப்பை அகற்றுமுன்னும், அங்குள்ள ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார், எந்த நேரத்தில் போய் வருகிறார் என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை அம்மக்களிடமே படித்துக் காட்ட வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம் பகுதிகளில் வாரியத்தின் பழைய அடுக்குமாடிகள் இடித்துக் கட்டப்படும்போது கூடுதலாக எழும் வீடுகள் கரையோரக் குடும்பங்களுக்கே முதலில் ஒதுக்கப்பட வேண்டும். அவை கட்டி முடியும்வரை இம்மூன்று பகுதிகளிலும் ஒரு குடும்பத்தைக்கூட வெளியேற்றக் கூடாது.