பிள்ளை அசைவு குறைந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் ஆலோசனை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்களும் இல்லாதவர்களும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இதில் முதல் குற்றவாளிகள் நாங்கள்தான், அதையும் சொல்லித்தான் தொடங்குகிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை நேரம். எங்களோடு படிப்பிக்கும் ஒரு சகோதரி, 35 கிழமை கர்ப்பிணி, ஆசிரியர் ஓய்வறையில் வந்து உட்கார்ந்தா. “நேத்து ராவுல இருந்து பிள்ள சாடையாத்தான் அசையுது. காலையில இருந்து ஒண்டுமே விளங்கல்ல” என்று சொன்னா.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா?

“கடைசி மாசம் வயித்துக்குள்ள இடமில்லதானே மிஸ், அப்படித்தான் இருக்கும்.”

“பிள்ள தூங்குது போல. குளிரா ஏதாவது குடிங்க, துள்ளும்.”

“வெள்ளிக்கிழமை கிளினிக்தானே, மிட்வைப் மிஸ்ஸிட்ட சொல்லுங்க.”

ஒருவர் மாணவி ஒருத்தியை கென்டீனுக்கு அனுப்பி குளிர் மைலோ பக்கட் ஒன்று எடுப்பித்தார். அவ அதைக் குடித்தா. மணி அடித்தது. தரம் 8 வகுப்புக்கு எழும்பிப் போனா.

வீட்டில் மாமி, “மஹ்ரிபு தொழுதுட்டுப் பார்ப்பம் மகள்” என்றார். கணவர் கட்டாரில் வேலை. அவர் போனை எடுக்கும்போது இரவு பதினொரு மணி. “இந்த நேரத்துல யாரோட போற? விடியட்டும்” என்றார். விடிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது பிள்ளைக்கு இதயத் துடிப்பு இல்லை.

பெண் பிள்ளை. அன்று மாலையே மையவாடியில் சின்னக் குழி ஒன்று வெட்டினார்கள்.

நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அழுதோம். “அல்லாஹ்ட நாட்டம், ஸபூர் செய்ங்க” என்றோம். “மிஸ், செவ்வாய்க்கிழமை உங்களை வகுப்புக்கு அனுப்பினது நாங்கதான்” என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறோம்.

அந்த ஓய்வறையில் இருந்தவர்களில் பட்டதாரிகள் இருந்தார்கள். பயிற்சிக் கலாசாலையில் குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தார்கள். பியாஜேயின் வளர்ச்சிப் பருவங்களைப் பரீட்சைக்கு மனனம் செய்தவர்களுக்கு, பிறக்க முந்திய பிள்ளை தன் நிலைமையைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது அசைவு என்பது தெரியவில்லை.

இந்தப் பதிவை அந்தச் சகோதரி வாசித்து அனுமதி தந்த பிறகே போடுகிறோம். ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கச் சொன்னா: “ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்டு நான் வாய் திறந்து சொல்லல்ல. யாராவது ‘எழும்பு, போவம்’ என்டு சொல்லுவாங்க என்டு பார்த்துட்டு இருந்தன்.”

செவ்வாய்க்கிழமையே போயிருந்தால் பிள்ளை கட்டாயம் பிழைத்திருக்கும் என்று எந்த டொக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு வாய்ப்பு இருந்திருந்தால், அதை எடுத்தது நோயல்ல. எங்கள் வாய்.

இனி, நாம் காலங்காலமாகச் சொல்லி வரும் கதைகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

“கடைசி மாசம் அசைவு குறையும்.”
பிழை. இடம் நெருங்கும்போது அசைவின் விதம் மாறலாம். உதைத்த பிள்ளை உருளும், நெளியும், தள்ளும். ஆனால் அசைவு குறையக் கூடாது. பிரசவ வலி தொடங்கும் வரைக்கும், வலி நேரத்திலும்கூட, பிள்ளை அசைய வேண்டும்.

“தூங்குது.”
வயிற்றில் பிள்ளை தூங்குவது உண்மைதான். பொதுவாக ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம். ஆரோக்கியமான பிள்ளை 90 நிமிடத்தைத் தாண்டித் தூங்குவது அரிது. இரவு முழுக்கவும் காலை முழுக்கவும் தூங்கும் பிள்ளை என்று ஒன்று இல்லை.

“குளிர்த் தண்ணி, இனிப்பு குடித்தால் துள்ளும்.”
இது சுகமில்லாத பிள்ளையைச் சுகமாக்காது. ஒரு அசைவு தெரிந்தால் மனதை ஆறுதல்படுத்திக்கொண்டு இன்னும் நாலு மணித்தியாலம் வீட்டில் இருக்க வைக்கும், அவ்வளவுதான்.

“பத்துத் தரம் அசைந்தால் போதும்.”
எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான எண்ணிக்கை கிடையாது. உங்கள் பிள்ளைக்கு ஒரு வழமை இருக்கிறது. சிலது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடும், சிலது உம்மா சாய்ந்தவுடன் தொடங்கும். அந்த வழமை மாறினால் அதுதான் எச்சரிக்கை. 28 கிழமைக்குப் பிறகு குறைந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இடது பக்கம் சாய்ந்து படுத்து இரண்டு மணித்தியாலம் வேறு வேலை பார்க்காமல் அசைவை மட்டும் கவனிக்கச் சொல்வார்கள். பத்து அசைவு வராவிட்டால் உடனே போக வேண்டும். இது சந்தேகத்தில் இருப்பவருக்கு மட்டும். அசைவு குறைந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தவர், அல்லது அசைவே விளங்காதவர், படுத்து எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எழும்பிப் போக வேண்டும்.

“மெஷின் வாங்கி வீட்டிலேயே கேட்டோம், துடிக்குது.”
பயிற்சி இல்லாதவர் வைத்தால் உம்மாவின் நாடித் துடிப்பையே பிள்ளையின் துடிப்பு என்று எண்ணிவிடலாம். இதயம் துடிக்கும்போதே பிள்ளை கஷ்டத்திலும் இருக்கலாம். அந்த மெஷினும் போனில் இறக்கிய செயலியும் ஆஸ்பத்திரிக்குப் பதிலாகாது.

“ஞாயிற்றுக்கிழமை டொக்டரை சனல் பண்ணியிருக்கு.”
நம்பர் போட்டிருப்பது டொக்டருக்கு. பிள்ளைக்கு நம்பர் தெரியாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2022 இல் கரண்ட் வெட்டிய நாட்கள் நினைவிருக்கும். பற்றரியில் இருந்த கொஞ்சத்தை மிச்சப்படுத்த விசிறியை நிறுத்தி, டீவியை நிறுத்தி, ஒரு பல்பை மட்டும் எரியவிட்டோம். நச்சுக்கொடி வழியாக வரும் ஒட்சிசனும் சத்தும் குறையும்போது பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் இருப்பதை ஒதுக்கிவிட்டு கை கால் ஆட்டுவதை நிறுத்துகிறது. வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு அது “தூக்கம்”.

எல்லா அசைவுக் குறைவும் ஆபத்தல்ல. பெரும்பாலான தாய்மார் போய், சோதித்து, ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள். வயிற்றில் பட்டி கட்டி பிள்ளையின் துடிப்பைத் தாளில் வரைந்து பார்ப்பார்கள். தேவையென்றால் ஸ்கேன் செய்து வளர்ச்சியையும் பன்னீர்க்குட நீரையும் பார்ப்பார்கள். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை அந்தத் தாள் சொல்லும். மாமியோ ராத்தாவோ ஓய்வறையோ சொல்ல முடியாது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அசைவு பற்றித் தாய்மாருக்கு விழிப்பூட்டி, வருபவர்களை ஒரே ஒழுங்கில் கவனித்தும், இறந்து பிறப்பது தெளிவாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இதைக் காட்டி “அப்போ போய் என்ன பிரயோசனம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வு எல்லோருக்கும் விழிப்பூட்டும் திட்டம் ஒன்றை அளந்தது. அசைவு நின்ற உம்மா வீட்டில் இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அந்த நாடுகளில் இன்றும் தாய்மாருக்குச் சொல்வது ஒன்றுதான்: விடியும் வரை பொறுக்காதீர்கள், வாருங்கள்.

தாய்மார் மரணம் பற்றி ஆராய்பவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். போவது என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போன இடத்தில் கவனிப்பதில் தாமதம். பிள்ளைக்கும் அது பொருந்தும்.

இரண்டாவது தாமதத்துக்கு நாம் இனிச் சாட்டுச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி இலவசம். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வாசலுக்கு வரும், அதுவும் இலவசம். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆட்டோ நிற்கிறது. நமது தாமதம் முதலாவது தாமதம். அது வீட்டு ஹோலில், குசினியில், வாட்ஸ்அப் குழுமத்தில் நடக்கிறது. கணவன் போன் எடுக்க வேண்டும். மாமி சம்மதிக்க வேண்டும். உம்மா வீட்டில் இருந்து துணைக்கு ஆள் வர வேண்டும். பெண் டொக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். நோன்பு காலமென்றால் நோன்பு திறக்கும் வரை பொறுக்க வேண்டும்.

கர்ப்பிணி தனக்கோ பிள்ளைக்கோ பயந்தால் நோன்பை விட மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உயிர் ஆபத்தில் ஆண் டொக்டர் பார்ப்பதற்கும் தடையில்லை. மார்க்கம் இலேசாக்கியதைக் கஷ்டமாக்கி வைத்திருப்பது நாம்.

பிறகு “தவக்குல்” என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாமல் விட்ட கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கத்ர் என்று சொல்வது ஈமானல்ல, பொறுப்பில் இருந்து நழுவுவது. கத்ரை நம்புகிறோம். நமது அலட்சியத்துக்கு அதைப் போர்வையாக்க வேண்டாம்.

மூன்றாவது தாமதத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பல சகோதரிகள் போகத் தயங்குவதற்குக் காரணம் பயமல்ல, வெட்கம். முந்திய தடவை போனபோது “சும்மா சும்மா வாறீங்க” என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள். சிங்களம் சரியாகத் தெரியாமல் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நின்றிருப்பார்கள். வாட்டில் வேலை செய்யும் நமது சகோதர சகோதரிகளே, உங்கள் வேலைப் பளு எங்களுக்குத் தெரியும். ஆனால் அசைவு குறைவென்று மூன்றாம் தடவை வரும் தாயையும் முதல் தடவை வந்தவரைப் போலப் பாருங்கள். ஒரு ஏச்சு, அடுத்த தடவை அவரை வீட்டிலேயே இருக்க வைத்துவிடும். இரண்டு நாளுக்குள் திரும்பவும் குறைந்தால் திரும்பவும் போகத்தான் வேண்டும்.

குறை சொல்லிவிட்டுப் போக இந்தப் பதிவு எழுதவில்லை. நாம் செய்யக் கூடியவை இருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் கணவன்மாரே, இன்றிரவு கோல் எடுத்து மனைவியிடம் சொல்லுங்கள்: “பிள்ள அசைவு குறைஞ்சா என்னைக் கேட்காத. போய்ட்டு சொல்லு.” அனுமதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். மாமிக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

மாமிமாரே, உம்மாமாரே, ஆறு ஏழு பெற்ற அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் தங்காமல் போன பிள்ளைகளையும் நீங்கள்தான் பெற்றீர்கள். அந்த வலியை மறக்கவில்லை என்றால் மருமகளோடு நீங்களே ஆட்டோவில் ஏறுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, மையித்துக்கு வாகனம் ஒழுங்கு செய்ய நம்மிடம் பட்டியல் இருக்கிறது. இரவில் கர்ப்பிணியை ஏற்றிப்போக நாலு பேரின் இலக்கமும் அந்தப் பலகையில் இருக்கட்டும். ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். முடிவெடுப்பவர்கள் ஆண்கள் என்றால், ஆண்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

அதிபர்மாரே, ஆசிரியர்களே, ஒரு கர்ப்பிணி ஆசிரியை அசைவு குறைவென்று சொன்னால் கவர் யார், லீவு எழுதினீர்களா என்று கேட்காதீர்கள். ஆளை ஏற்றி அனுப்பிவிட்டு மற்றதைப் பாருங்கள். எங்கள் ஓய்வறைச் சுவரில் இப்போது நேரசூசிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் 1990, ஆஸ்பத்திரி இலக்கம், மிட்வைப் மிஸ்ஸின் இலக்கம். கீழே ஒரு வரி: “ஆலோசனை சொல்லாதே, கூட்டிப் போ.”

கர்ப்பிணிச் சகோதரிகளே, வயிறு உங்களுடையது. பிள்ளையை உங்களை விட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் ஒருவருமில்லை. மனம் சரியில்லை என்று சொன்னால் கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழும்புங்கள். இரவென்றாலும், பெருநாளென்றாலும், நேற்றுத்தான் போய் வந்தோம் என்றாலும். 28 கிழமைக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து தூங்குங்கள்.

அந்தச் சகோதரி திரும்பவும் பாடசாலைக்கு வருகிறா. அதே கதிரையில்தான் உட்காருகிறா. எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன மாதம் ஓய்வறையில் வேறொரு இளம் ஆசிரியை “இன்டைக்கு பிள்ள கொஞ்சம் அமைதியா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னா. நாங்கள் வாய் திறக்க முன்னே அவ எழும்பி அந்த மிஸ்ஸின் ஹேண்ட்பேக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தா. “வாங்க, ஆட்டோ நிக்குது” என்று மட்டும் சொன்னா.

சோதித்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டு நாள் வாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளை போன கிழமை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீண் அலைச்சல் என்று யாராவது சொன்னால், அப்படியான வீண் அலைச்சலை அல்லாஹ் நம் எல்லா வீட்டுக்கும் தரட்டும்.

பிடித்திருந்தால் லைக் போட வேண்டாம். வீட்டில், பக்கத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். குறிப்பாக வாசிக்கத் தெரியாத உம்மம்மாமாருக்கு.

வஸ்ஸலாம்.